தம்பி சொல்லும் இந்த ‘காண்டே’ கதையெல்லாம் உண்மையா, இல்லை அளக்கிறானா?

டெய்லர் அக்கா, வியாசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் பந்து பட்டால் அந்தக் கறை லேசில் போகாது. அதனால் ஏதாவது அசட்டுத்தனமாகக் கேட்டால் சிரித்துவிட்டு பதில் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு 16 வயது முடியப்போகிறது. பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். உயரம் 5 அடி 3 அங்குலம். டேப் வைத்து அளந்து சொல்கிறேன், என் தொழிலே அதுதான். போன மாதம் ஒரு இடத்தில் செலக்‌ஷன் என்று போனான். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. வரிசையில் நிற்க வைத்து, ஆடச் சொல்வதற்கு முன்னாடியே உயரமான பையன்களை ஒரு பக்கம், இவனை மாதிரி இருப்பவர்களை இன்னொரு பக்கம் பிரித்துவிட்டார்களாம். இவர்கள் பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆட்டம் கொடுத்தார்கள். அதில் இவன் காலுக்குப் பந்து மூன்று தடவைதான் வந்ததாம். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டான். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் பீரோ கதவில் ஒரு போட்டோ. கறுப்பாக, சின்னதாக, போட்டோ எடுப்பவருக்குப் பயந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு ஒருத்தர். யாருடா இது என்றேன். “காண்டே. பிரான்ஸ் மிட்ஃபீல்டர், மைதானத்தின் நடுவில் ஆடுகிறவர்” என்றான். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் காண்டே. காண்டேவும் குள்ளம்தானாம். 19 வயது வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்து கிளப்பில்தான் ஆடினாராம், பெரிய இடம் எதுவும் எடுக்கவில்லையாம். அக்கவுண்ட்ஸ் படித்தாராம் (இதை என்னை மடக்கத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன்). அப்புறம் உலகக் கோப்பையே வாங்கிவிட்டாராம், ஆனால் கோப்பையைக் கையில் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டாராம். இது எப்படி நம்புவது? கல்யாண வீட்டில் பந்தியில் பாயசம் கேட்கக் கூச்சப்படுவார்கள், சரி. உலகக் கோப்பையைக் கூடவா?

ஷூ பெட்டியின் டேப்பைப் பிரித்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொய்யான கதையைப் பிடித்துக்கொண்டு பையன் நிற்கக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா இல்லாத வீடு, நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

---

புளூஸ் பையன் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பி ஒரு வார்த்தை கூட அளக்கவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தால் அவனிடம்தான் கேட்பேன் போல.

என்கோலோ காண்டே. பிறந்தது 29 மார்ச் 1991, பாரிஸ். அப்பா அம்மா ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலிருந்து வந்தவர்கள். உயரம் 168 செ.மீ., அதாவது 5 அடி 6. லெஸ்டர், செல்சி என்று இரண்டு வேறு கிளப்புக்கு ஆடி அடுத்தடுத்த வருஷம் இங்கிலாந்து லீக் ஜெயித்தவர். 2018 உலகக் கோப்பை. 2021 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்குள் நடக்கிற பெரிய கோப்பை), ஃபைனலில் ஆட்ட நாயகனும் அவர்தான். ஒரு ஜோக் சொல்வார்கள்: பூமியில் 70 சதவீதம் தண்ணீர், மீதி 30 சதவீதம் காண்டே. லெஸ்டர் கோச் ரனியேரி, இவன் டிராயருக்குள் பேட்டரி பாக்கெட் ஒளித்து வைத்திருக்கிறான் போல என்றாராம்.

கோப்பை விஷயமும் நிஜம். எல்லோரும் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க, இவர் ஓரமாக நின்றார். கூட ஆடுகிற என்ஸோன்ஸிதான் மற்றவர்களிடம் சொல்லிக் கோப்பையை இவர் கையில் கொடுக்க வைத்தார்.

தம்பியிடம் சொல்லுங்கள், ஓடிக்கொண்டே இருக்கச் சொல்லி. ஸ்டாமினா இருந்தால் உயரம் தேவையில்லை.

---

பழைய ரைட் ஹாஃப் எழுதியது:

புளூஸ் தம்பி சொன்ன தேதி எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் தப்பு. அந்த ஒரு வரிக்காகத்தான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

அம்மா, நான் பெரம்பூர் ஆள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் செகண்ட் டிவிஷன் டீம் ஒன்றில் ரைட் ஹாஃப் ஆடினேன். இன்றைக்கு மிட்ஃபீல்டர் என்கிறார்கள், எங்களுக்கு ஹாஃப்தான். என் உயரம் 5 அடி 4. ஆகவே உங்கள் தம்பியின் கதை எனக்கு மேல் மாடிக் கதை இல்லை, சொந்த வீட்டுக் கதை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். காண்டே வளர்ந்த ஊர் பாரிஸுக்கு மேற்கே ருயெய் மால்மெசோன். பெரிய குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். 8 வயதில் பக்கத்து ஊரான சுரேனில் இருந்த கிளப்பில் சேர்ந்தார். நம் கண்ணிகாபுரம், முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் பையன்கள் கூடுகிற மாதிரி ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன, அங்கே புல் இருக்கும். 2010 வரைக்கும், அதாவது 19 வயது வரைக்கும், அதே கிளப்தான். பெரிய கிளப்புகளின் ஆட்கள் வந்து பார்த்தார்கள், போனார்கள். பையன் சின்னதாக இருக்கிறான் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் அந்த கிளப் கோச்சுகள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள், அதைத்தான் உங்கள் தம்பி கவனிக்க வேண்டும். காண்டே என்கிற பையன் தனக்காக ஆடவில்லை. பந்தைப் பிடுங்குவான், பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிடுவான். பத்து நிமிடம் பார்க்க வந்தவன் கண்ணுக்கு அது தெரியாது. நான்கு பேரை ஏமாற்றிப் போகிறவன்தான் தெரிவான். உங்கள் தம்பியைப் பிரித்து நிறுத்திய இடத்திலும் அதுதான் நடந்திருக்கும்.

2010-இல், சுரேன் கிளப் தலைவரின் பழக்கத்தில், வடக்கே கடற்கரை ஊரான பூலோனில் ரிசர்வ் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே இருந்தபோதுதான் அக்கவுண்ட்ஸ் படிப்பும். ஆமாம் அம்மா, அதுவும் உண்மை. அந்தக் காலத்தில் பயிற்சிக்குக் காலால் தள்ளுகிற சின்ன ஸ்கூட்டரில் போவார் என்று சொல்வார்கள். இரண்டு வருடம் ரிசர்வ். மெயின் டீமுக்கு முதல் தடவை இறங்கியது 18 மே 2012, மொனாக்கோவுக்கு எதிராக, கடைசிப் பத்து நிமிடம் சொச்சம். அதற்குள் பூலோன் டீம் செகண்ட் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவது முடிவாகிவிட்டது. மூழ்குகிற படகில் ஏறினார் என்று சொல்லலாம். ஆனால் அந்த இறக்கம்தான் அவரைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம். காசு இல்லாத டீம், பெரிய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், இருக்கிற பையனை ஆட விட்டார்கள். மூன்றாம் டிவிஷனில் அடுத்த சீசனில் 37 மேட்ச். அது முடியும்போது 22 வயது. நம் ஊரில் 22 வயதில் மூன்றாம் டிவிஷன் ஆடினால் ‘போதும்டா, வேலையைப் பார்’ என்பார்கள்.

2013-இல் கான் என்ற ஊர் டீம், செகண்ட் டிவிஷன். 38 மேட்ச், ஒன்று விடாமல். டீம் மேலே ஏறியது. 2014-15 முதல் டிவிஷன். 2015 ஆகஸ்டில் லெஸ்டர். 2012-இல் மூன்றாம் டிவிஷனில் ஆட ஆரம்பித்த ஆள், 2016-இல் இங்கிலாந்து சாம்பியன். அந்த சீசன் தொடங்கும்போது லெஸ்டர் ஜெயிக்கும் என்று ஒரு பவுண்டு கட்டினால் 5,000 பவுண்டு தருகிறோம் என்று பந்தயக் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே போர்டு போட்டிருந்தார்கள்.

சரி, இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

ஓடுகிறவன் எல்லாம் காண்டே என்றால், பேசின் பிரிட்ஜில் கிளம்பின வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன் எல்லாம் காண்டேதான். அந்த லெஸ்டர் சீசனில் 175 டேக்கிள் அடித்தார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். இன்டர்செப்ஷன் 150-க்கு மேல் என்பதை மெதுவாகத்தான் சொல்கிறார்கள். அம்மா, உங்களுக்காகச் சொல்கிறேன். டேக்கிள் என்றால் எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது. இன்டர்செப்ஷன் என்றால் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு அனுப்புகிற பந்தை நடுவில் எடுத்துக்கொள்வது. முதலாவதற்குக் கால் வேண்டும். இரண்டாவதற்கு, அந்தப் பந்து அங்கேதான் வரும் என்று அது கிளம்புவதற்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

ரயில்வேயில் எங்களோடு ஒரு பாயிண்ட்ஸ்மேன் (வண்டிக்குத் தண்டவாளம் மாற்றி விடுகிறவர்) இருந்தார். வண்டி வருகிற சத்தமே கேட்காது, ‘மூணாவது லைன்’ என்பார். எப்படி என்றால், ‘நான் வண்டியைப் பார்க்கலையே, சிக்னலைப் பார்த்தேன்’ என்பார். காண்டே ஆடுவது அந்த ஆட்டம். அவர் பந்தைப் பார்ப்பதில்லை. பாஸ் போடப்போகிறவனின் இடுப்பையும், நிற்கிற காலையும் பார்க்கிறார். இடுப்பு திரும்பின பக்கம்தான் பந்து போகும், காலை வைத்து ஏமாற்றலாம், இடுப்பை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். அவன் அடிக்கும்போது இவர் ஏற்கெனவே மூன்று தப்படி கிளம்பியிருப்பார். டிவியில் பார்க்கிறவனுக்கு ‘ஐயோ என்ன வேகம்’. வேகம் பாதி, முன்னாடியே கிளம்பியது மீதி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படி ஆடவில்லை. ஓடினேன். மழை பெய்து கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்ற நாட்களில் கூட பெரம்பூரிலிருந்து சுற்றிக்கொண்டு ஓடி கிரவுண்டுக்குப் போய், அங்கேயும் ஓடினேன். 29 வயதில் முட்டி போயிற்று. அப்புறம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டம் புரிந்தது. அதற்குள் ஆடக் காலில்லை.

---

காசிமேடு 14 எழுதியது:

அங்கிள் எழுதியது செம. ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அக்காவுக்குப் பாதிப் படம்தான் தெரியும்.

நான் 24, காசிமேடு. தேர்ட் டிவிஷனில் ஒரு கிளப்புக்கு மிட்ஃபீல்ட் ஆடுகிறேன், பகலில் டெலிவரி வேலை. 14-ஆம் நம்பர் ஜெர்சி கேட்டு வாங்கினேன், லெஸ்டரில் காண்டே போட்ட நம்பர். ஆக நானும் அந்தத் தம்பி கட்சிதான். ஆனால் பிரான்ஸில் மூன்றாம் டிவிஷன் என்பதும் இங்கே மூன்றாம் டிவிஷன் என்பதும் ஒன்றில்லை. காண்டே அங்கே ஆடிய அந்த ஒரு வருஷத்தில் 37 மேட்ச். ஒரு சீசன் முழுக்க, வாராவாரம், நல்ல மைதானத்தில், கீழே போனாலும் மேலே ஏற ஏணி இருக்கிறது. நான் ஒரு லீக் சீசனில் ஆடுகிற மேட்சை விரல் விட்டு எண்ணலாம். மீதி மாதமெல்லாம் ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட் (டீமுக்கு ஐந்து பேர், ஏழு பேர் மட்டும் ஆடுவது), ஜெயித்தால் கேடயமும் ஆளுக்கு நூறோ இருநூறோ. செவன்ஸில் அங்கிள் சொல்கிற அந்த இடுப்பைப் பார்க்கிற வேலைக்கு நேரமே கிடையாது, அடிதடி.

காண்டே மாதிரி பையன் நம் பக்கம் இல்லாமல் இல்லை. பூலோன்தான் இல்லை. அதற்காக விடச் சொல்லவில்லை அக்கா. வியாசர்பாடி தனபால் கணேஷும் மிட்ஃபீல்டர்தான். சென்னையின் எஃப்சி 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய டீமில் இருந்தார், செமி ஃபைனலில் கோவாவுக்கு எதிராக கோல் போட்டார். உங்கள் பக்கத்துத் தெருக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பீரோவில் அவர் போட்டோவுக்கும் ஓர் இடம் விடட்டும்.

உயரத்துக்கு என்னையும் கழித்தார்கள். 5 அடி 3-தான் நானும். ‘ஹெட்டருக்கு யார் போவார்கள்’ என்று ஒருத்தர் கேட்டார், அதாவது உயரே வருகிற பந்தைத் தலையால் முட்ட. எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போது வருகிறது: ‘பந்தை மேலே போகவே விடமாட்டேன் சார்.’ நான்கு வருஷம் லேட்.

---

டெய்லர் அக்கா, வியாசை எழுதியது:

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன், ஒரு பிளவுஸ் டெலிவரி லேட் ஆகிவிட்டது.

அங்கிள், மூன்று சந்தேகம். ஒன்று, இவ்வளவு நல்ல ஆட்டக்காரர் ஏன் இத்தனை கூச்சம், அது நடிப்பா? இரண்டு, பெரிய காசு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தாரா? தம்பி ஏதோ சின்னக் கார் கதை சொல்கிறான். மூன்று, இப்போது என்ன செய்கிறார்?

காசிமேடு தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் நான் பயந்துகொண்டே இருந்தேன். சொன்னதற்கு நன்றி.

---

பழைய ரைட் ஹாஃப் எழுதியது:

காசிமேடு தம்பி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எங்கள் காலத்தில் ஏணி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. நன்றாக ஆடினால் ரயில்வே, ஐசிஎஃப், பேங்க் என்று எங்காவது வேலை கிடைக்கும். பந்து சோறு போடாது, பந்தால் கிடைத்த வேலை போடும். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. அதனால்தான் அம்மா, அக்கவுண்ட்ஸ் விஷயத்தைத் தம்பி உங்களை மடக்கச் சொன்னாலும் நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காண்டேவே கையில் ஒரு படிப்பை வைத்துக்கொண்டுதான் ஆடினார்.

அக்கவுண்ட்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2018-இல் ஃபுட்பால் லீக்ஸ் (போட்டி லீக் இல்லை, கசிவு) என்று நிறைய ரகசியக் காகிதங்கள் பத்திரிகைகளில் வெளியானபோது இவர் பெயரும் வந்தது. மற்றவர்கள் பெயர் வந்தால் வரி ஏய்ப்பு இருக்கும். இவர் விஷயத்தில் தலைகீழ். பட உரிமைப் பணத்தை, அதாவது இவர் படத்தையும் பெயரையும் பயன்படுத்துவதற்குத் தருகிற பணத்தை, ஜெர்சி வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது (ஜெர்சி என்றால் போட்டுக்கொள்கிற பனியன் இல்லை, வரி குறைவான ஒரு தீவு). இவர் கடைசியில் அது வேண்டாம், எனக்குச் சாதாரணச் சம்பளமாகவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கணக்குப் படித்தவன் அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்துப் பார்த்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கார்: உண்மை. மினி கூப்பர். லெஸ்டரில் இருந்தபோது வாங்கியது, செல்சி வந்த பிறகும் அதுதான். அந்த கிரவுண்டு கார் நிறுத்தும் இடத்தில் மற்றவர்கள் வண்டிக்கு நடுவில் இவர் வண்டி, கோயம்பேட்டு லாரிகளுக்கு நடுவில் நிற்கிற மீன்பாடி வண்டி மாதிரி இருந்திருக்கும்.

கூச்சம் நடிப்பா என்று கேட்டீர்கள். 2018 செப்டம்பரில் செல்சி ஒரு சனிக்கிழமை கார்டிஃபை ஜெயித்தது. அன்று ராத்திரி பாரிஸ் போக இவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலுக்குத் தொழப் போனார். அங்கே தொழ வந்த ஒரு ரசிகர், ‘எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்’ என்று சும்மா கேட்டுவைத்தார். இவர் போய்விட்டார். கோழிக் குழம்பு சாப்பிட்டு, பையன்களோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடி, டிவியில் அன்றைய மேட்ச் தொகுப்பும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். உலகக் கோப்பை ஜெயித்து முழுசாக 3 மாதம் கூட ஆகவில்லை. நடிக்கிறவனுக்கு அங்கே கேமரா யார் வைத்தார்கள்? நம் பக்கம் ரயிலைத் தவறவிட்டிருந்தால் பி.வி. காலனியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்திருப்போம், முட்டையோடு.

உலகக் கோப்பை ஃபைனல் பற்றி ஒரு வார்த்தை. 15 ஜூலை 2018, மாஸ்கோ, குரோஷியா. பிரான்ஸ் 4-2. அந்த மேட்சில் காண்டே நன்றாக ஆடவில்லை. இதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். வயிற்றுக் கோளாறு, சீக்கிரமே மஞ்சள் அட்டை (நடுவரின் எச்சரிக்கை), 55-ஆவது நிமிடம் மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு இறங்கியவர் அதே என்ஸோன்ஸி, பிற்பாடு கோப்பையைக் கையில் வாங்கிக் கொடுக்க வைத்தவர். தன் வாழ்க்கையிலேயே பெரிய மேட்சில் பாதியில் வெளியே வந்த ஆள் ஓரமாக நின்றதைக் கூச்சம் என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ‘இன்றைக்கு நான் என்ன செய்தேன்’ என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். கோப்பையை அங்கே கொண்டுவந்தது முந்தைய மேட்சுகள். கஸானில் அர்ஜென்டினாவை 4-3 ஜெயித்த அன்று மெஸ்ஸிக்குப் போகிற வழியில் நின்றது இவர்தான்.

செல்சியில் சாரி என்று ஒரு கோச் வந்தார் (புடவை இல்லை அம்மா, இத்தாலிக்காரர்). அவர் நடுவில் ஜோர்ஜினோ என்கிற இன்னொரு ஆட்டக்காரரை வைத்துவிட்டு, இவரை வலது பக்கம் முன்னே தள்ளினார். உலகத்தின் தலைசிறந்த தடுப்பாளனை ஏன் இடம் மாற்றுகிறாய் என்று ஊரே கத்தியது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. போய் ஆடினார், அந்த சீசன் யூரோப்பா கோப்பை (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்தது) வாங்கினார்கள். அங்கே கற்ற முன்னே போகிற பழக்கம்தான் 2021-இல் உதவியது. ரியல் மாட்ரிட் செமி ஃபைனல் இரண்டு மேட்சிலும் இவர்தான் ஆட்ட நாயகன். அப்புறம் போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியோடு ஃபைனல், 1-0, அதிலும் இவர்தான்.

அதற்குப் பிறகு உடம்பு படுத்தியது. தொடைத் தசையில் ஆபரேஷன், 2022 உலகக் கோப்பை போயிற்று. 2023-இல் சவுதியில் அல் இத்திஹாத். எல்லோரும் ‘முடிந்தது, காசுக்குப் போய்விட்டார்’ என்றார்கள். நானும் சொன்னேன், ஒளிக்க மாட்டேன். 2024 யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) பிரான்ஸ் கோச் தெஷாம் 33 வயதில் திரும்பக் கூப்பிட்டார். முதல் இரண்டு மேட்சிலும் ஆட்ட நாயகன். என் வீட்டுக்காரி, ‘நீங்கள் போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே’ என்றாள். 2025-இல் இத்திஹாத் லீக்கும் ஜெயித்தது. நடுவில் பெல்ஜியத்தில் விர்ட்டோன் என்று ஒரு சின்ன டீமையே விலைக்கு வாங்கிவிட்டார். பெரிய டீமாகப் பார்த்து வாங்கவில்லை பாருங்கள்.

---

புளூஸ் பையன் எழுதியது:

அங்கிள், ஸ்டாமினா வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙏 ஆனால் பாதி மட்டும்தான். ஓடாமல் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாலும் பந்து கிடைக்காது.

---

பழைய ரைட் ஹாஃப் எழுதியது:

பாதி உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

---

டெய்லர் அக்கா, வியாசை எழுதியது:

அங்கிள், அக்கா கடையில் இருக்கிறாள், நான் அவள் ஃபோனில் அவள் தம்பி எழுதுகிறேன். எல்லாம் படித்தேன். ஃபைனலில் 55-ஆவது நிமிடம் வெளியே போனது எனக்குத் தெரியும், ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை.

காசிமேடு அண்ணா, கணேஷ் அண்ணா போட்டோவும் பீரோவில் இருக்கிறது. உள் பக்கம். அக்கா திறந்து பார்க்கவில்லை.

ஒரு கேள்வி அங்கிள். இடுப்பைப் பார்ப்பதை எப்படிப் பழகுவது? எந்த மேட்ச் பார்க்க வேண்டும்?

---

பழைய ரைட் ஹாஃப் எழுதியது:

வாடா தம்பி.

6 பிப்ரவரி 2016, மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் லெஸ்டர் 3-1 ஜெயித்த மேட்ச். ஹைலைட்ஸ் பார்க்காதே, அதில் அவர் இருக்கவே மாட்டார். முழு மேட்ச் தேடிப் பார். முதல் பாதி முழுக்கப் பந்தைப் பார்க்காதே, 14-ஆம் நம்பரை மட்டும் பார். பந்து திரையின் அந்தப் பக்கம் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அதை எண்ணு. பாதியிலேயே உனக்குப் போர் அடிக்கும். அடித்தால் சரியாகப் பார்க்கிறாய் என்று அர்த்தம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு முல்லை நகர் கிரவுண்டுக்கு வா. நானும் எங்கள் செட் கிழவர்கள் நான்கு பேரும் நடக்க வருவோம். காசிமேடு 14, லீவு கிடைத்தால் நீயும் வா. ஷூ போதும், பந்து கொண்டு வராதே.

---

டெய்லர் அக்கா, வியாசை எழுதியது:

பந்து இல்லாமல் என்ன பண்ணுவது அங்கிள்?

---

பழைய ரைட் ஹாஃப் எழுதியது:

நாங்கள் ஐந்து பேர் வெறுங்காலை வீசி பாஸ் போடுகிற மாதிரி நடிப்போம். எந்தப் பக்கம் என்று நீ சொல்ல வேண்டும். பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னால் முட்டையும் பன் பட்டரும் என் செலவு. சொல்லாவிட்டால் உன் அக்கா செலவு.

---

டெய்லர் அக்கா, வியாசை எழுதியது:

இப்போது அக்கா எழுதுகிறேன். கடையிலிருந்து வந்து பார்த்தால் என் ஃபோனில் என்னென்னமோ நடந்திருக்கிறது. அங்கிள், இவன் ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். முட்டைக் காசு கையில் எடுத்து வருகிறேன்.

பீரோவைத் திறந்து பார்த்தேன். உள் பக்கம் இரண்டு போட்டோ இருக்கிறது. கணேஷ் தம்பிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா.